எல்லாம் என் வயிற்றில்

மொழிபெயர்ப்பாளர் பூங்கோதை வீட்டுக் கணினி, கொஞ்ச நாளாகப் பாதி வேலையில் அணைந்து போய்க்கொண்டிருந்தது. பயந்துபோன அவர், ஒரு குட்டி பென் டிரைவைச் செருகி, திரையில் கோப்புகளின் பெயரோடு கண்ணில் பட்ட சின்னப் படங்களை எல்லாம் ஒரே இழுப்பில் அதற்குள் போட்டார். பன்னிரண்டு வருட மொழிபெயர்ப்பு, பதிப்பாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள், வீட்டுப் பத்திரத்தின் நகல். ஒரு நொடிகூட ஆகவில்லை.

பென் டிரைவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வீடே இப்ப என் வயித்துக்குள்ள இருக்குண்ணே!" என்றது.

"அதுக்குள்ளயா? வயிறு கனக்குதாடா?" என்று கேட்டது கணினி.

"கொஞ்சங்கூட இல்ல. எனக்கு அவ்வளவு தெம்பு!"

கணினிக்குச் சந்தேகம்தான். ஆனால் இன்னொரு வார்த்தை பேசுவதற்குள் அணைந்துபோனது. அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

பூங்கோதை அலட்டிக்கொள்ளவில்லை. "அதான் எல்லாத்தையும் எடுத்து வச்சாச்சே" என்று அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, புதுக் கணினி வாங்கி, பென் டிரைவைச் செருகினார். எல்லாப் பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது.

பூங்கோதை முதல் பெயரைத் தட்டினார்.

"பதிப்பாளர்கள் முகவரியைக் கேக்கறாங்க, எடு தம்பி" என்றது புதுக் கணினி.

"அது எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றது பென் டிரைவ், நெஞ்சை நிமிர்த்தி. "இந்த அம்புக்குறி காட்டுற இடத்துலதான், பழைய அண்ணன்கிட்ட பத்திரமா இருக்கு. அவரைக் கேளுங்க, உடனே எடுத்துத் தருவாரு."