பெயர் மாற்றப்பட்டுள்ளது

கதவை ஒரு சாண் மட்டும் திறந்தேன்.

பல்கலைக்கழகத்துப் பெண். போன வருஷம் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி, புருஷனிடம் அடி வாங்குகிறவர்களிடம் பேசிப் பதிவு பண்ணிக்கொண்டு போனாளே, அவள்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, வந்துடுச்சு! சமூகவியல் இதழ்ல நம்ம கட்டுரை!"

நம்ம கட்டுரையாம்.

இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

நம் பகுதியைப் பற்றி இப்படி ஒரு ஆய்வு இதுவரை வந்ததே இல்லையாம். இதை வைத்துத்தான் இனிமேல் பெரிய இடங்களில் பேசுவார்களாம், பெண்களுக்குக் காப்பகம் கட்டுவார்களாம். கட்டட்டும், நன்றாகக் கட்டட்டும்.

என் கையில் இருந்ததை அவளே புரட்டிக் காட்டினாள். என் பெயரை மாற்றியிருந்தாள். தெருவை மாற்றியிருந்தாள். மகளுக்கு இரண்டு வயது கூட்டியிருந்தாள். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே.

'அடுத்த வருஷம் பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அவருக்குத் தெரியாது.'

அதற்கு மேலே ஒரு வரி. கணவர், அச்சகத்தில் பைண்டர்.

என் விரல் அங்கே நின்றதைப் பார்த்துவிட்டாள்.

"அதை இதழோட மதிப்பீட்டாளர்தான் கேட்டாருக்கா. கணவர் தொழிலைப் போடலைன்னா கட்டுரையை எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. பயப்படாதீங்க, இந்த இதழையெல்லாம் யாரு படிக்கிறா?"

வாஸ்தவம்தான். எங்கள் வீட்டுக்காரரும் படிக்கிற ஆள் இல்லை. புத்தகத்தைத் தைப்பதோடு சரி.

ஆனால் இந்த ஊரில் அச்சகம் இருப்பதே ஒன்று; இந்த இதழ் அச்சாவதும் அங்கேதான். தைப்பதற்கு முன்னால், பக்கம் வரிசையாக இருக்கிறதா என்று ஒரு பிரதியையாவது புரட்டித்தானே ஆகவேண்டும்?

முந்தாநாள் வேலை முடிந்து வந்தவர், இதே இதழை என் முன்னால் விரித்து வைத்தார். சத்தமாகப் படி என்றார். படித்தேன், பாவி. பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டுப் போட்ட வலது கையைக் கதவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள் அவள். "பாப்பா எங்கக்கா? பரீட்சையெல்லாம் முடிஞ்சிருக்குமே?"

முடியவில்லை. பாதிப் பரீட்சையில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கே என்று எனக்குத் தெரியாது.