ரோமாபுரி ஊக்கு

ஆற்று மணலில் பாவாயிக்குக் கிடைத்த, பச்சை பூத்த வெண்கல ஊக்கு ஈராயிரம் வருஷப் பழசு, ரோமாபுரிக்காரர்கள் மேலாடையில் குத்திக்கொண்டது என்று போனில் படத்தைப் பார்த்தே சொல்லியிருந்தாள் அருங்காட்சியக அதிகாரி மரகதவல்லி. அதை ஒப்படைக்கத்தான் பாவாயி பஸ் ஏறினாள். வந்து நின்று, வெறுங்கையை விரித்தாள்.

"பஸ்ஸுல ஒரு புள்ளைக்கு மாராப்புல குத்துன ஊக்கு தெறிச்சு எங்கியோ உளுந்துருச்சுங்க. இன்டர்வியூவுக்குப் போறவ, கண்ணு கலங்கி நிக்கறா. எவகிட்டயும் ஊக்கில்ல, என் வளையல்லயும் இல்ல. இதைக் குத்திவிட்டுட்டனுங்க. சாயங்காலம் இங்கயே கொண்டாந்து தாரேன்னா."

"ஊக்கு வாங்கினவ எவளாவது திருப்பிக் குடுத்திருக்காளாம்மா?" என்று வெடித்த மரகதவல்லியின் கை, தன் தோள்மடிப்புக்குப் போய் அப்படியே நின்றது. அங்கே குத்தியிருந்த ஊக்கு யார் கொடுத்தது என்று அவளுக்கு நினைவில்லை. பாவாயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பூட்டும் நேரம் தாண்டியும் காவலாளியைக் கதவைச் சாத்த விடவில்லை. அப்போது வாசல்படியில் செருப்புச் சத்தம் ஓட்டமாக ஏறி வந்தது. இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.