பதினோரு பிள்ளைகள்

மானகிரி வீட்டு மாடியில் உட்கார்ந்து தீபலட்சுமி வீடியோ கேம் ஒன்றுக்குக் கதை எழுதுகிறாள். ராஜாவை எதிர்த்துக் கிளம்பும் செம்பன்தான் அதில் வில்லன். விளையாடிப் பார்த்தவர்களோ அவனைக் கொல்ல மனம் வராமல் அவன் பக்கமே சாய்ந்தார்கள்.

"கடைசில ராஜாதான் ஜெயிக்கணும். இவனை ஏதாவது பெரிய பாவம் பண்ண வைங்க. அஞ்சு மணிக்குள்ள வேணும்," என்றார் மேலாளர் போனில்.

பள்ளிக்கூடத்துக்கு அவன் தீ வைப்பதாக எழுதினாள். உள்ளே பதினோரு பிள்ளைகள்.

கேமை ஓட்டிப் பார்த்தாள். செம்பன் தீப்பந்தத்தைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கிணற்றடியிலேயே உட்கார்ந்துகொண்டான். திருத்தினாள். மறுபடியும் கிணற்றுக்கே போனான். நான்காம் முறை அவன் கிணற்றடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் எரிந்தது. செம்பன்தான் கொளுத்தினான் என்று அரண்மனைக் காவலன் முரசறைந்து சொன்னான்.

மணி நாலே முக்கால். 'சரியாக வருகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

காப்பியோடு மாடியேறி வந்த மாமியார் அப்படியே நின்றார்.

"ஏத்தா, கையெல்லாம் கரியா இருக்கு? இன்னைக்கு நீ அடுப்படிப் பக்கமே வரலையே?"

"எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன், அத்தை."

தீபலட்சுமி கைகளை விரித்துப் பார்த்தாள். திரையில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்த செம்பனும் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.