திரும்பி வரும் விசா

“டூரிஸ்ட் விசாவே போதும்” என்றார் பெரியவர், மூன்றாவது தடவையாக. மடியிலிருந்த பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். விட்டால் தன்னை இப்போதே தூக்கிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறாரோ என்று தையல்கடைக்காரிக்குத் தோன்றியது.

அவள் தன் பாஸ்போர்ட்டை வாங்கிப் போக வந்தவள். அவசரமாகக் கடையைப் பூட்டியதில் அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்கியது. விசா ஏஜெண்டின் அலுவலகம் ஒரே அறை, நடுவில் ஒரு மரத் தடுப்பு. யார் பேசினாலும் எல்லோர் காதிலும் விழும்.

ஏஜெண்ட் போனில் யாரோ ஓர் அம்மாளுக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல காற்றுக்காகப் பலரும் தேடிப் போகும் அந்த நாட்டில் ஓய்வுக்காலத்துக்குப் போய்த் தங்க ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும், எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் எந்தக் கம்பெனியும் காப்பீடு தராது, காப்பீடு இல்லாமல் விசா கிடையாது.

“நான் என்னம்மா பண்றது? அவங்க ரூல் அப்படி” என்று போனை வைத்துவிட்டு, எதிரே இருந்த இருவர் பக்கம் திரும்பினார். பெரியவருக்குப் பக்கத்தில் அவர் மகன். மகனுக்கும் மீசை நரைத்திருந்தது.

“முதல்ல எந்த விசாவுல உள்ள நுழையறதுன்னு முடிவு பண்ணிடுங்க. நிறைய பேர் இதுலதான் கோட்டை விடறாங்க.”

டூரிஸ்ட் விசா என்றால் இரண்டு மாதம்தான், முடிந்ததும் கிளம்பி வந்தாக வேண்டும், அங்கே இருந்தபடி ஓய்வுக்கால விசாவுக்கு மாற முடியாது என்றார் ஏஜெண்ட். நீண்ட நாள் விசாவில் நுழைந்தால் அங்கேயே விண்ணப்பித்துக்கொள்ளலாம், திரும்பி வர வேண்டிய வேலையே இல்லை.

“வேலையே இல்லைன்னா?” என்றார் பெரியவர்.

“டிக்கெட்கூட ஒன்வே எடுத்தா போதுங்க ஐயா.” ஏஜெண்ட் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

பெரியவர் மகனைப் பார்த்தார். “ரெண்டு மாசம் இருந்து பாக்கறதுதானே நல்லது? தண்ணி ஒத்துக்கணும், தூக்கம் வரணும். பிடிக்கலன்னா வந்துடலாம்ல?”

“பிடிச்சிருந்தாலும் வரணும்ப்பா. வந்து மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வீண் அலைச்சல்.”

“அலைச்சல்தான். ஒரு தடவை வந்துட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?”

மகன் குரலைத் தாழ்த்தினார். அந்த அறையில் அதனால் ஒரு பயனும் இல்லை. “வீட்டுல அவளுக்கு மூச்சு முட்டுதுப்பா. டாக்டர் சொன்னப்போ நீங்களும்தான் கூட இருந்தீங்க. இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போடறது?”

தையல்கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகளுக்கு மூச்சு முட்டுகிறதாம், அதற்கு டாக்டர் சாட்சி வேறு. ஒரு வயசாளி வீட்டின் மூலையில் உட்கார்ந்து எவ்வளவு காற்றைத்தான் இழுத்துவிடுவார்?

பெரியவர் பையைத் திறந்து, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மகனிடம் நீட்டினார்.

“பிரஷர் மாத்திரை. காலையில போடாமலே கிளம்பிட்ட. இதையும் ஒருத்தர் கூடவே இருந்து சொல்லணும் உனக்கு.”

மகன் ஒன்றைப் பிதுக்கித் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, ஐயாவுக்கு என்ன வயசு என்று கேட்டார் ஏஜெண்ட்.

“எண்பத்தி மூணு.”

“பார்த்தா தெரியலையே.”

“எனக்குத் தெரியுது தம்பி.”

மேஜைமேல் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, ஒன்றின் மேல் ஸ்டேப்ளரையும் மற்றதன் மேல் தன் கையையும் வைத்திருந்தார் ஏஜெண்ட். மகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்கு மனசில்லைன்னா வேணாம்ப்பா. டூரிஸ்ட்டே போடச் சொல்றேன். அப்புறம் நடக்கறது நடக்கட்டும்.”

பெரியவர் நெடுநேரம் பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார். கேட்டது கிடைத்துவிட்ட முகமாக அது இல்லை.

“அவளும் பாவம், எத்தனை நாள்தான் தாங்குவா” என்றார் கடைசியில். பிறகு ஏஜெண்டைப் பார்த்து, “பெரிய விசாவே போட்டுடுங்க தம்பி. நடுவுல வர்றது போறது எல்லாம் வேணாம்.”

மகன் அவர் கைமேல் தன் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்களே என்று தையல்கடைக்காரி உள்ளுக்குள் புழுங்கினாள்.

ஏஜெண்ட் தாமதிக்கவில்லை. டூரிஸ்ட் விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். “இன்னிக்கு ஒருத்தரோட கைரேகையை முடிச்சிடலாம். தடுப்புக்குப் பின்னாடி வாங்க.”

மகன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பெரியவர் இருந்த இடத்திலேயே இருந்தார். பெற்ற அப்பாவுக்கு ஒரு கை கொடுக்கக்கூடத் தோன்றவில்லை பார் என்று நினைத்தபடி, தையல்கடைக்காரி எழுந்து போய் அவர் முழங்கையைத் தாங்கினாள்.

“எழுந்திரிங்க ஐயா, கைரேகைக்குக் கூப்பிடறாங்க. மனசை விட்டுடாதீங்க. எந்த ஊரும் போன கொஞ்ச நாள்ல பழகிடும்.”

பெரியவர் தடுப்பின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போறது அவனும் மருமகளும்தாம்மா.”