அளவெடுக்கப்பட்ட சுவர்

ஊருக்கும் சதுப்பு நிலத்துக்கும் நடுவே ஆளுயரச் சுவர் ஒன்று நின்றது. அதை ஒட்டி ஊர்ப்பக்கத்தில் ஆஸ்பத்திரி கட்டி முடித்த வாரம், இரண்டு பேர் வந்து சுவரை அளந்து, முழங்கால் உயரத்தில் ஒரு நீலக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

"என்ன அண்ணே, பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி விறைப்பா நிக்கிறீங்க?" என்று நாணலுக்குள்ளிருந்து நீர்க்கோழி சுவரைக் கேட்டது.

"என்னை இன்னும் உயர்த்தப் போறாங்க. மேலே கண்ணாடிச் சில்லும் பதிப்பாங்க. உன் சேத்து நாத்தம் நோயாளிங்களுக்கு ஆகுமா? முப்பது வருஷமா இந்த ஊரைக் காப்பாத்துறது நான்தானே!"

"கோடு கீழே இருக்கே அண்ணே."

"உனக்கென்ன தெரியும், போ."

மறுநாள் காலையில் அறுக்கும் இயந்திரம் அலறியது.

"ஐயோ, ஆளை மாத்தி அறுக்கிறாங்க!" என்று சுவர் கத்தியது. கோட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் பெயர்ந்து விழுந்தது. மிஞ்சிய அடிச்சுவரின் மேல் வழவழப்பான கல்லைப் பதித்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் காலில் கட்டுப்போட்ட ஓர் இளம்பெண்ணை நர்ஸ் மெல்ல நடத்திவந்து, தண்ணீரைப் பார்த்தாற்போல் அதன்மேல் உட்கார வைத்தாள்.

இப்போது மூக்கைப் பொத்துவாள், என்னைத் திரும்பக் கட்டச் சொல்லிச் சண்டை போடுவாள் என்று சுவர் காத்திருந்தது.

அந்தப் பெண் நாணலையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சிஸ்டர், நான் பொறந்து வளர்ந்ததே பக்கத்துத் தெருவுலதான்," என்றாள் கடைசியில். "இத்தனை வருஷமா இதை யாரு மறைச்சு வெச்சிருந்தது?"

நீர்க்கோழி சுவரைத் திரும்பிப் பார்த்தது. கேலி எதுவும் செய்யவில்லை.