ஆறு இலக்கம்

"இந்த மெஷினு நான் இருக்குற இடத்த யாருகிட்டயும் சொல்லிருமாக்கா?"

பூமாரி வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டாள். மேசையிலிருந்த கைரேகைக் கருவியை, கடிக்க வரும் நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

டின்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சாந்தன்பாறைக் கடைத்தெருவில் ஆன்லைன் சென்டர் நடத்தும் அவளுக்குத் தோட்டத்து ஆட்களின் இந்தப் பயம் புதிதல்ல. பயத்தைப் போக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, எது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதுதான். அதில் அவளுக்கு அலுப்பே வராது.

"இங்க பாரு பூமாரி. விரல வச்சா அது வெறும் படமாப் போகாது. எண்ணா மாறி, பூட்டுப் போட்டுப் போகும். அங்கருந்து திரும்பி வர்றது 'ஆமா, இவதான்', இல்லன்னா 'இவ இல்ல'. அம்புட்டுத்தான். வேற எதையும் வாய் தொறக்காது."

"அட்ரச மாத்துனா?"

"மாத்துனாலும் நீயா கார்டைக் காட்டுனாத்தான் தெரியும். உன் சம்மதம் இல்லாம யாரும் அந்தப் பூட்டத் தொறக்க முடியாது."

பூமாரி மூச்சை மெல்ல விட்டாள். "அப்ப மாத்திருங்கக்கா."

ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஓர் அறை காலியாகியிருந்தது. ஆதாரில் இந்த ஊர் முகவரிக்கு மாற்ற விண்ணப்பித்த ரசீதைச் சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசரிடம் காட்டாவிட்டால், அது வேறு குடும்பத்துக்குப் போய்விடும். பூமாரியும் மகளும் இதுவரை யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில்தான் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முகவரி மாத்த ரேகையே வேண்டாம். போனுக்கு ஆறு நம்பர் வரும், அது போதும்" என்று டின்சி விசைப்பலகையைத் தட்டினாள். "வந்திருக்கும். போன எடு."

"எங்கிட்ட போன் இல்லக்கா. அதுல சேத்துருக்குற நம்பரு வீட்டுக்காரரோடது."

"கூப்பிட்டுக் கேளு."

"வேண்டாம்க்கா. லாரி ஓட்டுறவரு. வேலையில கூப்பிட்டா கோவம் வரும்."

"கோவம் வராத ஆம்பள எந்தச் சந்தையில கிடைக்கான்? எங்க வீட்டு யாக்கோபு, சோறு ஆறுதுன்னு கூப்பிட்டாலே குதிப்பாரு."

பூமாரி சிரிக்கவில்லை. "போன் நம்பர மொதல்ல மாத்த முடியாதாக்கா?"

"அதுக்கு வேற மெஷினு வேணும், இங்க இல்ல. நெடுங்கண்டம் போகணும், டோக்கன் அடுத்த வாரந்தான்."

"அப்ப சூப்பர்வைசர்கிட்ட தவணை கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் இத இப்படியே விட்டுருங்க." மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

டின்சிக்கு மனம் கேட்கவில்லை. அந்த சூப்பர்வைசர் தவணை தருகிற ஆளில்லை. புருஷனின் முன்கோபத்துக்குப் பயந்து ஒருத்தி கூரையை இழப்பதா? பூமாரி விட்டுப்போன பழைய ரேஷன் கார்டு நகலின் ஓரத்தில் அவன் நம்பர் இருந்தது. மறுபடி ஓடிபி அனுப்பிவிட்டு, சென்டர் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"டின்சி ஆன்லைன், சாந்தன்பாறைன்னு காட்டுது. யாருங்க?" குரல் மென்மையாக இருந்தது.

டின்சி விஷயத்தைச் சொன்னாள்.

"பூமாரிக்குத்தானா? தாராளமா சிஸ்டர், எழுதிக்கங்க." ஆறு எண்களையும் நிதானமாகச் சொன்னான். "பாப்பாவும் அங்கதான் இருக்காளா?"

"இருக்காளே, நல்லா இருக்கா." டின்சிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

திரை பச்சையானது. பிரிண்டர் ரசீதைத் துப்பி முடிக்கும்போது பூமாரி திரும்பி வந்தாள். தவணை கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மூஞ்சியத் தொங்கப்போடாத. அறை உனக்குத்தான்!" டின்சி ரசீதை நீட்டினாள். "உன் வீட்டுக்காரர் தங்கமான மனுசன். கேட்டதும் நம்பரச் சொல்லிட்டாரு. போடியிலதான் லோடு இறக்குறாராம். உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போக இப்பவே மலையேறி வாராராம்."

பூமாரி ரசீதை வாங்கவில்லை. மகளை இறுக்கிக்கொண்டு, வளைவில் ஏறி வரும் வண்டிகளையே பார்த்தாள்.

"இந்த ஊரு பேரு ஒண்ணுதான்க்கா அவருக்குத் தெரியாம இருந்துச்சு."