கொக்கனின் கடைசிப் பக்கம்

எழுத்தாளர் மூன்றாம் பாகத்தைக் கையில் எடுத்தபோது அவள் கண்களை மூடியிருந்தாள்.

தூங்கவில்லை. கண் எரிச்சல் தாங்கவில்லை.

வாரம் முழுக்க பனியன் கம்பெனியில், டியூப்லைட்டுக்குக் கீழே, தையல் பிசகு தேடிய கண்கள். இன்றும் அரை நாள் வேலை இருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு ஓடி, மகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, இந்தப் புத்தகக் கண்காட்சி அரங்குக்கு வந்திருந்தாள். மதியம் சாப்பிட்டோமா என்பது சரியாக நினைவில்லை.

பக்கத்தில் பூவிகா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. குரல் வரும் திசைக்கு முகத்தைக் கொடுத்திருந்தாள்.

'பாசிக்கோட்டை'. ஐந்து பாகம். பறக்கும் ஆமை ஒன்று. அதன் முதுகில் ஓர் ஊர். அந்த ஊரில் கொக்கன் என்றொரு ஒற்றைக்கால் திருடன்.

பிரெயிலில் வரவில்லை. ஒலிப்புத்தகமும் இல்லை. அவள்தான் மகளுக்குப் படித்துக் காட்டினாள். வேலை விட்டு வந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி, தினம் ஓர் அத்தியாயம். மூன்று வருஷம்.

ஆரம்பித்த அத்தியாயத்தை முடிக்காமல் மூடுவதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

எழுத்தாளர் தண்ணீர் குடித்தார். எழுபது இருக்கும். அவருக்குமே களைப்புதான் போல. மைக்கைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டார்.

"கொக்கனோட கடைசிப் பக்கத்தப் படிக்கறேன்."

அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

கடைசியா?

அவள் கண்ணைத் திறந்தாள்.

எழுத்தாளர் வாசித்தார். வெள்ளம் வருகிறது. கோட்டையின் மதகுக் கதவு இறங்குகிறது. உள்ளே ஆமை. கொக்கன் ஊன்றுகோலைக் கதவுக்கு அடியில் கொடுக்கிறான். அது முறிகிறது. தோளைக் கொடுக்கிறான். ஆமை வெளியேறிவிடுகிறது. மேலே போய்த் திரும்பிப் பார்க்கையில் தண்ணீர் மட்டும் தெரிகிறது.

முன்வரிசையில் யாரோ கடைசி வரியைக் கூடவே முணுமுணுத்தார்கள். மனப்பாடம்.

அவளுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியவில்லை.

நான்காம் பாகம் ஆரம்பித்த வாரம் பூவிகா கேட்டிருந்தாள், கொக்கனை ஏன் காணோம் என்று. அவளுக்கும் புரியவில்லை. முன்னால் புரட்டிப் பார்க்கத் தெம்பும் இல்லை. ஊருக்குப் போய்விட்டான் என்று சொல்லிவைத்தாள்.

சண்டையில் அரைப் பக்கம், மலை வருணனையில் ஒரு பக்கம் என்று அவள் தாண்டியதுண்டு. கண் சொருகும் நாட்களில்.

ஒரு சாவையேவா தாண்டிவிட்டேன்?

மகளின் விரல்கள் அவள் உள்ளங்கைக்குள் இருந்தன. அசையவே இல்லை.

கைதட்டல் கேட்டது. அவளும் தட்டினாள்.

கையெழுத்துக்கு வரிசை. முன்னால் முப்பது பேராவது இருப்பார்கள். பையில் ஐந்து பாகங்களும் கனத்தன. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பூவிகாவுக்குக் கையெழுத்து முக்கியமில்லை. ஆமையை எழுதிய கையை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதமாக அதே பேச்சு.

இப்போது தலையைக் குனிந்து நின்றாள்.

இருபது பேர்.

பதினைந்து.

"கண்ணு."

"ம்."

"அம்மா சில பக்கத்த விட்டுட்டேன். தூக்கக் கலக்கத்துல. கொக்கன் போனதையும் விட்டுட்டேனாட்ட இருக்குது."

பூவிகா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"நீ விடல. நான்தான் திருப்புனேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"படிக்கறப்பவே நீ தூங்கிருவ. எழுப்புனா, முடிச்சிட்டுத்தான் படுப்பேன்னு மறுபடி ஆரம்பிப்ப. அதான் நாலஞ்சு தாளத் தள்ளி வெச்சிட்டு எழுப்புவேன். சீக்கிரம் முடிஞ்சிரும்ல."

உதடு கோணியது.

"அதுக்குள்ள அவன் செத்துட்டிருந்தான்னு எனக்குத் தெரியாதும்மா."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற பெண், "போங்கக்கா" என்றாள்.

அவள் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டு விலகினாள். மகளைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போய், சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்காரவைத்தாள். இன்னொன்றில் தானும் உட்கார்ந்தாள்.

எத்தனை நாள் இப்படிச் செய்தாய் என்று கேட்க வாயெடுத்தாள். பிறகு பையைத் திறந்தாள்.

மூன்றாம் பாகத்தை எடுத்துப் புரட்டினாள். தேட வேண்டியிருக்கவில்லை. மற்ற இடங்களிலெல்லாம் ஓரம் மடங்கி, எண்ணெய் பட்டு, குழம்புக் கறை ஏறியிருந்தது. கடைசி அத்தியாயத்தில் நான்கு தாள் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தன.

"படிக்கட்டா?"

"கண்ணு வலிக்கலயா?"

"வலிக்குது."

பூவிகா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

அவள் தொண்டையைச் செருமினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. புத்தகத்தை விலக்கிப் பிடித்தாள்.

அந்தப் பக்கத்தில் வெள்ளம் இன்னும் வரவில்லை. கொக்கன் கருவாட்டைத் திருடி ஒளித்துவைத்திருந்தான். ஆமை மோப்பம் பிடித்துவிட்டது. தன் காலின் மேல் சத்தியம் செய்தான், எடுக்கவே இல்லை என்று. எந்தக் காலின் மேல் என்று கேட்டது ஆமை. இல்லாத காலின் மேல் என்றான்.

பூவிகா சிரித்துவிட்டாள்.

பக்கம் அங்கே முடிந்தது.

அவள் தாளைத் திருப்பாமல் கொக்கன் சொன்னதை இன்னொரு முறை படித்தாள்.